விரல் நுனிச் சதை போய்விட்டால்: ஃபிளாப் அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரைண்டர், பவர் பிரஸ், பைக் செயின், கதவு இடுக்கு. விரல் நுனி நசுங்கி வருகிறவர்களிடம் எப்படி நடந்தது என்று கேட்டால் இந்த நான்கில் ஒன்றைத்தான் அதிகம் சொல்வார்கள். சதை கொஞ்சம்தான் போயிருக்கும். ஆனால் உள்ளே எலும்போ தசைநாரோ தெரிந்தால் "ஃபிளாப் போடணும்" என்று டாக்டர் சொல்வார், அதாவது வேறு இடத்துத் தோலையும் கொழுப்பையும் ரத்த ஓட்டத்தோடு நகர்த்திக் காயத்தை மூட வேண்டும் என்று. அந்தப் பதற்றத்தில் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது, எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். அப்படி வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்கள் விரலை நேரில் பார்த்த டாக்டர் இங்கே இருப்பதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

அடிபட்டதும் முதலில் என்ன செய்வது?

குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் விரல் நுனி ரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். மோதிரம் போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விரல் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். காப்பித்தூள் ரத்தத்தை நிறுத்துவதுபோலத் தெரியும். பிறகு அதைக் காயத்திலிருந்து ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டும், நல்ல சதையும் கொஞ்சம் சேர்ந்தே போகும். விரல் அடியில் நூலோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டுவதும் கூடாது. ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி, எக்ஸ்ரே இரண்டும் கட்டாயம் இருக்கும்.

வெட்டுப்பட்ட நுனியைக் கையோடு எடுத்து வந்தால் ஒட்ட வைப்பார்களா?

எடுத்து வாருங்கள். ஒட்டுமா ஒட்டாதா என்பதை அங்கே முடிவு செய்துகொள்வார்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, துண்டைத் தண்ணீரில் ஊறவும் விடக்கூடாது.

விரலில் தசை கிடையாது. அதனால் கை, கால் துண்டுகளைவிட விரல் துண்டு அதிக நேரம் தாங்கும். கூரான வெட்டாக இருந்தால் மைக்ரோஸ்கோப் வைத்து ரத்தக் குழாயை இணைத்துப் பார்க்கலாம். பிரஸ்ஸில் நசுங்கிய நுனிக்கு அந்த வாய்ப்பு குறைவு. அப்போதும் அந்தத் துண்டிலிருந்து நகத்துக்கு அடியில் இருக்கும் சதையோ தோலோ எடுத்துப் பயன்படுத்த முடியும்.

சதை போன எல்லாருக்கும் ஃபிளாப் தேவையா?

தேவையில்லை. எலும்பு தெரியாமல், காயம் ஒரு சதுர செ.மீ. அளவுக்குள் இருந்தால் மருந்து கட்டியே ஆற விடலாம். மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். அப்படித் தானாக ஆறிய நுனியில் தொடு உணர்வு பல நேரம் ஒட்டுப் போட்டதைவிட நன்றாகவே இருக்கும். சுற்றியிருக்கும் நல்ல தோல் சுருங்கி உள்ளே இழுபட்டு வந்து மூடுவதுதான் காரணம். குழந்தைகளுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

தண்ணீர் புகாத மெல்லிய படலம் ஒட்டி அப்படியே விட்டுவைக்கும் கட்டு ஒன்று உண்டு. அதை வாரம் ஒரு முறைதான் மாற்றுவார்கள். இரண்டாம் வாரம் கெட்ட நாற்றம் அடிக்கும், உள்ளே பழுப்பாகத் தண்ணீர் தேங்கும். அதைப் பார்த்ததும் சீழ் வைத்துவிட்டது என்று பயந்து பலர் கட்டைப் பிரித்துவிடுகிறார்கள். நாற்றம் மட்டும் இருந்தால் பரவாயில்லை. கூடவே காய்ச்சல், விண்விண்ணென்று வலி, கையில் மேலேறும் சிவப்பு எல்லாம் வந்தால்தான் ஓட வேண்டும்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதும் ஃபிளாப்பும் ஒன்றா?

இல்லை. தோல் ஒட்டு என்பது தோலை மட்டும் சீவி எடுத்து வேறிடத்தில் வைப்பது. அதற்கென்று சொந்த ரத்த ஓட்டம் இல்லை, வைத்த இடத்திலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். கீழே நல்ல சதை இருந்தால் பிடிக்கும். மேலுறை போய் வெறுமையாக நிற்கும் எலும்பிலும் தசைநாரிலும் பிடிக்காது.

ஃபிளாப்பில் தோலும் அதற்குக் கீழே இருக்கும் கொழுப்பும் தன் ரத்த ஓட்டத்தோடு நகர்ந்து வரும். அதனால் எலும்பின் மேலும் உயிரோடு இருக்கும். சில வகைகளில் ஓர் இடத்திலிருந்து முழுதாக வெட்டாமலேயே இன்னோர் இடத்தில் தைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிரிப்பார்கள். மல்லிகைக் கொடியைப் பதியம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாய்ச்செடியோடு இருக்கும்போதே கிளையை மண்ணில் புதைத்து, வேர் விட்ட பிறகு வெட்டுவார்கள் அல்லவா, அதேதான்.

எத்தனை வகை ஃபிளாப் இருக்கிறது? எனக்கு எது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

புத்தகத்தில் டஜன்கணக்கில் இருக்கிறது. முடிவு செய்வது மூன்று விஷயங்கள்: எந்த விரல், காயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் கடன் வாங்க நல்ல தோல் இருக்கிறதா.

நுனி நேராக வெட்டுப்பட்டாலோ நகத்தின் பக்கம் அதிகம் போயிருந்தாலோ, உள்ளங்கைப் பக்கச் சதை மிச்சம் இருக்கும். அதை 'வி' வடிவில் வெட்டி முன்னால் நகர்த்தி, பின்னால் விழும் இடைவெளியை 'ஒய்' வடிவில் தைத்துவிடுவார்கள். வி-ஒய் ஃபிளாப் என்பது இதுதான். 1970-ல் அட்டாசோய் என்ற சர்ஜன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தோல் அதே விரலின் தோல், உணர்வும் அதே உணர்வு. ஆனால் ஒரு செ.மீ. நகர்ந்தாலே பெரிய விஷயம்.

காயம் உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தச் சதையே போயிருக்கும், இந்த முறை உதவாது. இந்த இடத்தில் நம் ஊர்ப் பங்கு ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சையை வளர்த்த டாக்டர் ஆர். வெங்கடசாமி, டாக்டர் என். சுப்பிரமணியனோடு சேர்ந்து 1980-ல் சாய்வு முக்கோண ஃபிளாப் என்ற முறையை வெளியிட்டார். விரலின் ஒரு பக்கத்திலிருந்து நீளமான முக்கோணமாகத் தோலை எடுத்து, அந்தப் பக்கத்து ரத்தக் குழாயையும் நரம்பையும் அதனோடு வைத்துக்கொண்டே நுனிக்கு நகர்த்துவது. சாதாரண வி-ஒய் எட்டாத தூரத்துக்கு இது எட்டும். வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களிலும் வெங்கடசாமி பெயரிலேயே இருக்கிறது. பட்டறை விபத்துகள் நிறைய வந்த ஒரு அரசு மருத்துவமனையில் பிறந்த முறை என்பதால் சொல்கிறேன். பெரிய கருவி எதுவும் கேட்காது, ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடும்.

இன்னும் பெரிய காயம் என்றால் பக்கத்து விரலின் முதுகுப் பக்கத் தோலை ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருக்கும்படி பிரித்துத் திருப்பி, அடிபட்ட விரலின் உள்பக்கத்தில் தைப்பார்கள். இதைக் கிராஸ் ஃபிங்கர் ஃபிளாப் என்பார்கள். இரண்டு விரலும் இரண்டு மூன்று வாரம் ஒட்டியே இருக்கும். கட்டைவிரல் அடியில் இருக்கும் மேட்டில் விரல் நுனியைப் பதித்துத் தைக்கும் தீனார் ஃபிளாப் 1926-லிருந்தே இருக்கிறது. பார்க்க நன்றாக வரும். ஆனால் விரலை மடக்கியே இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். நாற்பது வயது தாண்டியவருக்கு அப்படி வைத்தால் நடு மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும் அபாயம் உண்டு. பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும்தான் இதை யோசிப்பேன்.

கட்டைவிரல் தனிக் கதை. அதன் முதுகுப் பக்கத்துக்குத் தனி ரத்த ஓட்டம் இருப்பதால் உள்பக்கத் தோலை இரண்டு பக்க ரத்தக் குழாய், நரம்போடு மொத்தமாகத் தூக்கி முன்னால் இழுக்கலாம். ஸ்வீடனின் எரிக் மோபெர்க் 1964-ல் எழுதிய முறை இது. மற்ற விரல்களில் இதையே அப்படியே செய்தால் முதுகுப் பக்கத் தோல் செத்துப்போகலாம். கட்டைவிரலில் காயம் இன்னும் பெரிது என்றால் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி முதுகுத் தோலை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, தோலுக்கு அடியில் வழி செய்து கட்டைவிரலுக்குக் கொண்டுவருவார்கள்.

பல விரல்கள் சேர்ந்து உரிந்துபோயிருந்தால் கையில் கடன் வாங்கவே தோல் இருக்காது. அப்போதுதான் கையைத் தொடை இடுக்கில், இடுப்போரத் தோலில் தைத்து மூன்று வாரம் வைக்கும் குராயின் ஃபிளாப்.

நல்ல விரலைப் போய் ஏன் வெட்டுகிறார்கள்?

நியாயமான கேள்வி, எல்லாரும் கேட்கிறார்கள். கிராஸ் ஃபிங்கர் ஃபிளாப்பில் நல்ல விரலிலிருந்து எடுப்பது முதுகுப் பக்கத் தோல் மட்டுமே. தசைநாரின் மேல் இருக்கும் மெல்லிய உறையைத் தொடாமல் விட்டு, எடுத்த இடத்தில் முன்கையிலிருந்தோ மேல்கையின் உள்பக்கத்திலிருந்தோ தோல் ஒட்டுப் போட்டுவிடுவார்கள். அந்த விரலின் பிடிமானம் போகாது.

ஆனால் விலை ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த விரலும் கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கும், ஒட்டுப் போட்ட இடம் நிரந்தரமாகத் தெரியும். நிறமும் பொருந்தாது. நமக்கு உள்ளங்கை வெளுப்பு, புறங்கை கறுப்பு. விரலின் உள்பக்கத்தில் கறுத்த தோல் திட்டாக நிற்கும். கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் கடைகளில் ஆட்களோடு பழகும் வேலையில் இருப்பவர்களுக்கும் இது பெரிய விஷயமாகத் தோன்றலாம். ஆபரேஷனுக்கு முன்பே வாய் திறந்து கேளுங்கள், அதே விரலிலிருந்து எடுக்கும் வழி சில நேரம் இருக்கும்.

கொஞ்சம் எலும்பை வெட்டிவிட்டுத் தைத்துவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

முடியும், பல பேருக்கு அது சரியான வழியும்கூட. தினக்கூலிக்கு மூன்று வாரம் கையைக் கட்டிப் போட்டு உட்கார முடியாது. சுண்டுவிரலில் நுனி எலும்பு ஏற்கெனவே தூளாகியிருந்தால் அரை செ.மீ. குறைத்துத் தைத்து இரண்டு மூன்று வாரத்தில் வேலைக்கு அனுப்புவதே நல்லது. உணர்வில்லாமல், விறைத்து, குளிருக்கு வலிக்கும் நீளமான விரலைவிட, கொஞ்சம் குட்டையாக ஆனால் தொட்டால் தெரிகிற விரல் உபயோகமானது. அப்படிப்பட்ட நீளமான விரலை மனிதர் பயன்படுத்துவதே இல்லை. ஒதுக்கிவைத்துப் பக்கத்து விரலால் வேலை செய்யப் பழகிவிடுவார்.

கட்டைவிரலில் மட்டும் இந்தச் சுருக்குவழியை எளிதில் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையின் வேலையில் பாதி அதைச் சார்ந்தது, அங்கே ஒவ்வொரு மி.மீ.க்கும் மதிப்பு இருக்கிறது. ஒரே கையில் பல விரல் அடிபட்டிருந்தாலும் நீளத்தைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும்.

வந்த அன்றே ஏன் ஃபிளாப் போடவில்லை? இரண்டு நாள் தள்ளிப் போட்டார்களே?

பைக் செயின் காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினை ஓட விட்டு, கியரைப் போட்டுச் சுற்றவைத்து, பனியன் துணியால் செயினைப் பிடித்துத் துடைப்பார்கள். துணி பல்சக்கரத்தில் சிக்கும், துணியோடு விரலும் போகும். வரும்போது காயத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் கிரீஸ், துணி நூல், மண். சோப்புக் கரைசலும் சலைனும் விட்டுத் தேய்த்துக் கழுவவே அரை மணி நேரம் ஆகும். கழுவிய பிறகும் எந்தத் தோல் பிழைக்கும், எது கறுக்கும் என்று அன்றைக்குத் தெரியாது. நசுங்கிய தோல் முதல் நாள் நன்றாகத் தெரிந்து மூன்றாம் நாள் கறுத்துப்போகும். அதனால் இரண்டு நாள் பொறுத்து மறுபடி பார்த்து, செத்ததை நீக்கிவிட்டு ஃபிளாப் போடுவது அலட்சியம் இல்லை. கிளீனாக வெட்டுப்பட்ட காயம் என்றால் அன்றே முடித்துவிடலாம்.

(செயினை என்ஜின் அணைத்து, சக்கரத்தைக் கையால் உருட்டித் துடையுங்கள். பத்து நிமிடம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.)

முழு மயக்கம் கொடுப்பார்களா?

பெரியவர்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. விரல் அடியில் மரத்துப்போகும் ஊசி, அல்லது கழுத்துப் பக்கமோ அக்குளிலோ போட்டு முழுக் கையையும் மரக்கவைக்கும் ஊசி போதும். சின்னப் பிள்ளைகளுக்கு முழு மயக்கம்.

சிகரெட், பீடி, சர்க்கரை நோய்: இதற்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். நிகோடின் விரலின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஃபிளாப் உயிர் வாழ்வதே அந்தக் குழாய்களை நம்பித்தான். பாத்ரூமில் ஒளிந்து அடிக்கும் ஒரு பீடியையும் அது மன்னிப்பதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது மூன்று நான்கு வாரம் வேண்டாம், ஹான்ஸ் மாதிரி வாயில் வைக்கும் புகையிலையும் வேண்டாம். சர்க்கரை இருந்தால் மறைக்காதீர்கள். கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டே ஃபிளாப் போடலாம், ஆறத்தான் கூடுதல் நாள் ஆகும்.

முதல் சில நாள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

நிறத்தை. கட்டுக்கு வெளியே ஃபிளாப்பின் ஒரு மூலையை விட்டுவைத்திருப்பார்கள். அதை மெல்ல அழுத்தி விடுங்கள். வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறம் திரும்பினால் நல்லது. அழுத்தினாலும் மாறாமல் வெளிறிச் சில்லென்று இருந்தால் ரத்தம் உள்ளே போகவில்லை. நீலமாக, ஊதிப்போய், அழுத்திய உடனே சட்டென்று கறுத்து நிறைந்தால் ரத்தம் வெளியேறவில்லை. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். கட்டு இறுகியதோ ஒரு தையல் இழுப்பதோ காரணமாக இருக்கலாம். ஒரு தையலைத் தளர்த்தியதுமே பிழைத்த ஃபிளாப்புகள் உண்டு. எனவே விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரியே போங்கள். கறுத்த தோலில் நிறம் பார்ப்பது கஷ்டமாக இருந்தால் பக்கத்து விரலோடு சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கை எப்போதும் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். தூங்கும்போது இரண்டு தலையணை. கையைத் தொங்கவிட்டு நடந்தால் வீங்கும், வீங்கினால் வலிக்கும்.

புளி, முட்டை, கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் சாப்பிடுங்கள். இரண்டு வாரம் ரசமும் சுட்ட அப்பளமும் மட்டும் சாப்பிட்டு மெலிந்து வருகிறவர்களுக்குத்தான் காயம் ஆறத் தாமதமாகிறது. புளி சாப்பிடுவதும் உங்கள் இஷ்டம்.

விரல்களை ஒட்டித் தைத்திருக்கும் வாரங்களை எப்படிச் சமாளிப்பது?

கிராஸ் ஃபிங்கர் என்றால் ஒரு கையால் சமாளித்துவிடலாம். கையை பாலித்தீன் கவரில் கட்டிக் குளியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் வியர்வை தேங்கி ஊறும், அதற்காகத்தான் வாரத்தில் இரண்டு மூன்று முறை கட்டு மாற்றக் கூப்பிடுவது.

குராயின் ஃபிளாப் கஷ்டமானது. கை இடுப்போடு ஒட்டியிருக்கும். உட்கார, படுக்க, கழிவறை போக, எல்லாவற்றுக்கும் ஒருவர் கூட இருக்க வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, தளர்வான லுங்கி வசதி. தோளும் முழங்கையும் இறுகாமல் இருக்க அவற்றைத் தினமும் அசைக்கச் சொல்வார்கள். பிரித்த பிறகும் தோல் தடிப்பாக, கொழுப்போடு புடைத்து நிற்கும். சில மாதம் கழித்து மெலிய வைக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்.

பழையபடி தொட்டால் தெரியுமா?

எந்த ஃபிளாப் என்பதைப் பொறுத்தது. நரம்போடு நகர்த்திய வி-ஒய், வெங்கடசாமி முறைகளில் ஏறக்குறைய பழையபடி வரும். கிராஸ் ஃபிங்கரில் நரம்பு புதிதாக வளர்ந்து உள்ளே போக வேண்டும். மாதங்கள் ஆகும், சூடு குளிர் தெரியும் அளவுக்கு வரும், சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போடும் நுணுக்கம் வராமல் போகலாம். ஓ.பி.யில் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து இரண்டு முனையையும் தோலில் வைத்து "ஒன்றா, இரண்டா" என்று கேட்பார்கள். நல்ல விரல் நுனி 5 மி.மீ. இடைவெளியிலேயே இரண்டு என்று பிரித்துச் சொல்லிவிடும். பத்து மி.மீ.க்கு மேல் போனால்தான் பிரிகிறது என்றால் நுணுக்கமான வேலைக்குச் சிரமம்.

ஆள்காட்டி விரலிலிருந்து கட்டைவிரலுக்குத் தோல் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை நடக்கும். கட்டைவிரலைத் தொட்டால் ஆள்காட்டி விரலைத் தொட்டதுபோல் இருக்கும். மூளை பழைய முகவரியையே வைத்திருக்கிறது. பலருக்கு நாளாக ஆகப் பழகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

குளிர் தாங்காமை ஏறக்குறைய எல்லா வகையிலும் வரும். ஃபிரிட்ஜில் கை விட்டாலோ மார்கழி அதிகாலையில் பைக் ஓட்டினாலோ நுனி கடுக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் குறையும். நுனி கூச்சமாக, பட்டாலே சுளீரென்று இருந்தால் ஒளித்துவைக்காதீர்கள். பஞ்சில் ஆரம்பித்து, துண்டு, அப்புறம் அரிசி என்று தினமும் சில தடவை தேய்த்துப் பழக்க வேண்டும். பிசியோதெரபியில் பாதி வேலை இதுதான், மீதிப் பாதி மூட்டை மடக்கி நீட்டுவது. அழகாகப் பிடித்த ஃபிளாப்போடு மடங்காத விரல் வருவது பிசியோதெரபிக்குப் போகாததால்தான்.

நகம் வருமா?

வேர்ப்பகுதி பிழைத்திருந்தால் வரும். மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், முழு நகம் வர நாலு முதல் ஆறு மாதம். நுனி எலும்பு அதிகம் போயிருந்தால் நகத்தைத் தாங்க அடியில் ஒன்றும் இருக்காது, கிளி மூக்குபோல் வளைந்து முன்னால் இறங்கும். ஓரளவு சரிசெய்யலாம், முழுதாக நேராக்குவது கடினம். வேர் பாதி போய், ஓரத்தில் முள்ளாக நகம் முளைத்துக் குத்திக்கொண்டே இருந்தால் அந்த வேரை எடுத்துவிடுவதே நிம்மதி.

எப்போது வேலைக்குப் போகலாம்? நஷ்டஈடு கிடைக்குமா?

வி-ஒய் போன்ற ஒரே கட்டச் சிகிச்சை என்றால் இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள், மூன்று நான்கு வாரத்தில் லேசான வேலை. இரண்டு கட்டம் என்றால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல், பிரஸ், ஈரமான வேலை எல்லாம் கடைசியில்.

வேலையிடத்தில் நடந்த விபத்து என்றால் அதை முதல் நாளே ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லி ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். "வீட்டில் கதவில் நசுங்கிடுச்சுன்னு சொல்லிடு, செலவை நான் பார்த்துக்கறேன்" என்று மேஸ்திரி சொல்வது நடக்கிறது. அந்த ஒரு வரி பிறகு ஈ.எஸ்.ஐ.யிலும் இழப்பீட்டிலும் காலை வாரிவிடும். கணக்கும் விரல்வாரியாகத்தான். 1923-ம் ஆண்டின் பழைய இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு, எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் 5 சதவீதம் என்று இருந்தது. எலும்பு போனதா இல்லையா என்பதில் பணம் மாறுகிறது. ஆகவே அடிபட்ட அன்று எடுத்த எக்ஸ்ரே, ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த விரல், எந்தக் கை, எந்த எலும்பு எவ்வளவு குறைந்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பாருங்கள். இடது, வலது மாறியிருந்தால் அப்போதே திருத்தி வாங்கிவிடுங்கள்.